நெல்லையில் வீடு எடுத்துப் படிக்கும் மாணவர்களுக்கு: அக்கம்பக்கத்தாரோடு ஒட்டி வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டும் மாணவனுக்கு முதலில் வரும் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பதுதான். பேச்சிலர் என்றதும், "நேத்தே ஆள் வந்துட்டாங்க தம்பி" என்று பதில் வரும். பல வீட்டுக்காரர்களுக்கு வாடகை வராமல் போய்விடும் என்ற கவலை அவ்வளவாக இல்லை. பையன்களை வைத்தால் பக்கத்து வீட்டார் வந்து தினமும் குறை சொல்வார்களே என்பதுதான் அவர்கள் கவலை. ஆக, இந்த ஊரில் மாணவர்களுக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் ஏற்கெனவே தங்கிப் போனவர்கள் அக்கம்பக்கத்தாரோடு எப்படி இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்வார்கள். 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, 1965-இல் வந்த மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, 1990-இல் அபிஷேகப்பட்டியில் அமைந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. இங்கே பல தெருக்கள் இரண்டு மூன்று தலைமுறை மாணவர்களைப் பார்த்துவிட்டன. மாணவர்களோடு பழகத் தெரியாத தெருக்கள் அல்ல அவை. யார் என்று தெரிந்த பையன் போடும் சத்தத்தைத் தெரு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். யாரென்றே தெரியாத பையன் இரவில் படியேறினால் அந்தச் செருப்புச் சத்தமே பக்கத்து வீட்டு ஆச்சியின் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் கீழே சொல்லும் படிகளில் பல, நீங்கள் யார் என்பதைத் தெருவுக்கு முன்கூட்டியே தெரியவைப்பது பற்றியவை.

படி 1: வீட்டைப் பார்க்கும்போதே தெருவையும் பாருங்கள்

வீட்டை ஒருமுறை மாலையிலும் ஒருமுறை விடியற்காலையிலும் போய்ப் பாருங்கள். மாலையில் தெருவின் போக்கு தெரியும்: பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், பெரியவர்கள் எங்கே உட்காருகிறார்கள், வண்டிகள் எங்கே நிற்கின்றன. காலையில் தண்ணீர் நிலவரம் தெரியும். எத்தனை குடம் வரிசையில் நிற்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். டவுனிலும் பாளையின் பழைய தெருக்களிலும் வளவு வீடுகளும் காம்பவுண்டு வீடுகளும் இன்னும் உண்டு. ஒரே வாசல், நீளமான பொது முற்றம், இரண்டு பக்கமும் வீடுகள், பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நீங்கள் இருமினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வாடகை குறைவு என்று ஆறு பேர் அங்கே போய் அடைந்தால் மனஸ்தாபம் வராமல் இருக்காது. அங்கே இரண்டு பேர், அதுவும் சீக்கிரம் தூங்குகிறவர்கள் என்றால் சரி. இரவு டியூட்டி முடிந்து வரும் மருத்துவ மாணவர்களும் விடிய விடியப் படிப்பவர்களும் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் வெளியே தனிப் படிக்கட்டு உள்ள மாடி வீடாகப் பார்ப்பது நல்லது. அபிஷேகப்பட்டி சுற்றுவட்டாரக் கிராமங்களில் எடுத்தால் கணக்கே வேறு. அங்கே பக்கத்து வீடு என்று தனியாக ஒன்று கிடையாது, மொத்த ஊருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் வாடகை, அட்வான்ஸ் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர் எந்த நேரம் வரும், மோட்டார் பொதுவா தனியா, மொட்டைமாடி யாருக்கு, வண்டி எங்கே விடுவது, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைத் தெருமுக்குக் கடை அண்ணாச்சியிடமும் ஒரு டீ குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவரிடம்தான் முழு விவரம் இருக்கும்.

எத்தனை பேர் தங்கப் போகிறீர்கள் என்பதில் மட்டும் பொய் சொல்லவே கூடாது. நான்கு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் தங்குவதுதான் பாதிச் சண்டைகளுக்கு விதை. தண்ணீரிலிருந்து கழிவறைத் தொட்டி வரை எல்லாமே இரண்டு மடங்காகச் செலவாகும். பக்கத்து வீட்டாருக்கு அது முதல் வாரமே தெரிந்துவிடும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு மாதிரிப் பேசிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் தங்குகிற எல்லோர் பெயரும் வரட்டும்.

இன்னொன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்பது இந்த வட்டாரத்தில் இயல்பான விசாரிப்பு. ஆனால் சில இடங்களில் அது "நீங்க என்ன ஆளுக?" என்று நேராகச் சாதியில் போய் நிற்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஊரையும் படிப்பையும் சொல்லுங்கள், போதும். அதற்கு மேல் கிளறினால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். கல்லூரியில் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவிலோ ஆசிரியரிடமோ விஷயத்தைச் சொல்லி வேறு வீடு தேடுங்கள். அதேபோல் மாணவர்களும் சாதியைத் தெருவுக்குள் கொண்டுவரக் கூடாது. கையில் வண்ணக் கயிறு, வண்டியில் ஸ்டிக்கர், திருவிழா சமயத்தில் சாதிப் பெருமைப் பாட்டு எதுவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இந்த மாவட்டத்தில் அந்தக் கயிற்றைச் சின்ன விஷயம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: குடிபோகும் நாளும் முதல் வாரமும்

குடிபோகும் நாளில் முடிந்தால் யாராவது ஒருவரின் அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும். பக்கத்து வீட்டு அம்மாவும் உங்கள் அம்மாவும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டால் நீங்கள் ஒரு வருஷம் பேசிச் சம்பாதிக்கும் நம்பிக்கை வந்துவிடும். சாமான்களைப் பகலில் இறக்குங்கள். இரவு பத்து மணிக்குக் கட்டிலை இழுக்கும் சத்தம்தான் தெருவுக்கு உங்களைப் பற்றிய முதல் செய்தியாக இருக்க வேண்டாம்.

மறுநாளே இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் வீடு அல்லது கீழ் வீடு, இவ்வளவு இடத்திலும் தலைகாட்டிவிடுங்கள். கூட்டமாகப் போகாமல் இரண்டு பேர் போங்கள். லுங்கி, அரைக்கால் டவுசர் வேண்டாம். உள்ளே போய் உட்கார வேண்டியதில்லை, வாசலில் நின்றே பேசலாம். "பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம், சட்டக் கல்லூரியில ரெண்டாவது வருஷம், எனக்குக் கடையநல்லூர், இவனுக்குச் சாத்தான்குளம். ஏதாவது தொந்தரவா இருந்தா உடனே சொல்லுங்க" என்றால் போதும். கையோடு ஒரு காகிதத்தில் உங்கள் இரண்டு பேரின் கைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதத்தின் பலன் பின்னால் தெரியும். சத்தம் கேட்டால் வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய போன் உங்களுக்கே நேராக வரும்.

எப்படிக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டாம். வயதான பெண்கள் ஆச்சி, பெரியவர்கள் தாத்தா, நடுவயதுக்காரர் அண்ணாச்சி, பெண்கள் அக்கா. பாளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய இருப்பதால் 'சார்', 'டீச்சர்' என்பதும் நன்றாகவே செல்லும். ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது துருவித் துருவிக் கேட்பதுபோல் தோன்றும். சாதியைத் தொடாத வரைக்கும் இது இந்த ஊர் பழகும் விதம். முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள், பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்.

கடை அண்ணாச்சி, பால்காரர், துணி தேய்ப்பவர், குப்பை வண்டியில் வரும் அக்கா ஆகியோரையும் முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெருவில் உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பரவுவது பெரும்பாலும் இவர்கள் வாய்வழியாகத்தான். கடையில் பற்று வைத்தால் சொன்ன தேதியில் தீர்த்துவிடுங்கள்.

படி 3: தண்ணீர்

தாமிரபரணிக் கரையில் இருக்கிறோம் என்றாலும் எல்லாத் தெருவுக்கும் எல்லா நேரமும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. வரும் நேரத்தை வைத்துத்தான் பெண்கள் காலை வேலையை அமைத்துக்கொள்கிறார்கள். பொதுக் குழாய் உள்ள வளவில் யார் முதலில் பிடிப்பது, யார் எத்தனை குடம் என்று எழுதாத ஒழுங்கு ஒன்று இருக்கும். முதல் இரண்டு முறை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, உங்கள் முறை எது என்று ஒரு அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் தூக்கத்தில் போய்விட்டால் அடுத்தவர் முறைக்குள் குடத்தை நுழைக்க வேண்டாம்.

மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். ஏற்கெனவே அப்படி மாட்டியிருக்கும் வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அது விதிப்படி தவறு. அதைவிட, அதன் விளைவு நேராகப் பக்கத்து வீட்டில் தெரியும். குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது ஒரு வீடு இழுத்தால் தெருக்கடைசி வீடுகளுக்குச் சொட்டுக்கூட வராது. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், அந்த இழுப்பில் வெளியே தேங்கிய சாக்கடையும் உள்ளே வந்துவிடும். தண்ணீர் தானாக வந்து தரைத்தொட்டியில் விழ வேண்டும். தொட்டியிலிருந்து மேலே ஏற்றத்தான் மோட்டார்.

மேல்தொட்டி நிரம்பி வழிவதும் பெரிய வினை. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ஊறி, காயப்போட்ட துணி நனைந்து, வற்றலும் போய்விடும். தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் அலாரம் மலிவாகவே கிடைக்கிறது. முதல் மாதமே ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

பொது மோட்டார் உள்ள காம்பவுண்டில் மின்கட்டணத்தை வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். நான்கு பேர் குளிக்கும் வீடும் ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கும் வீடும் ஒரே பங்கு கொடுப்பது நியாயம் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே, "நாங்க ஆள் கணக்குக்குத் தாரோம்" என்று சொல்லுங்கள். தொகை பெரிதாக வராது. ஆனால் அதைச் சொன்ன வீடு என்று பல வருஷம் பேசுவார்கள்.

படி 4: சத்தம்

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம் என்று ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள அளவு. 45 என்பது தணிந்த குரலில் பேசும் பேச்சைவிடப் பெரிதாக அதிகம் இல்லை. சட்டம் இப்படி என்றாலும் தெருவின் கடிகாரம் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே ஓடும். பல வீடுகளில் ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள், நாலரை, ஐந்துக்கு வாசல் தெளிக்க எழுந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு வரை பெரியவர்கள் கண்ணயரும் நேரம். இந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டால் மற்ற நேரத்தில் பாட்டுக் கேட்பதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பீக்கரைப் பொதுச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். பாட்டின் மெல்லிய ஒலி சுவரில் நின்றுவிடும். தாளத்தின் அடி மட்டும் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் அதிர்ந்து அடுத்த வீட்டுக்குப் போகும். உங்கள் அறையில் சின்னதாகக் கேட்கும் பாட்டு, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இடைவிடாத இடியாக விழும். சுவரிலிருந்து தள்ளி, தடித்த துணி மடித்துப்போட்ட ஸ்டூலில் வையுங்கள், பாஸைக் குறையுங்கள். இரவில் ஹெட்போன்.

மொட்டைமாடியில் போன் பேசுபவர்கள் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று உணர்வதே இல்லை. சித்திரை, வைகாசி வெக்கையில் பக்கத்து மாடியில் ஆட்கள் படுத்திருப்பார்கள். நீங்கள் பேசுவது முழுவதும் அவர்களுக்குப் புரியும்.

பிறந்தநாளுக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தெருவில் கேக் வெட்டுவது, வெடி வெடிப்பது, முகத்தில் முட்டை உடைப்பது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். இதைவிட வேகமாக ஒரு தெருவின் பகையைச் சம்பாதித்துத் தரும் காரியம் இல்லை. மாலை ஏழு மணிக்கு வெட்டுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பெரிய கூட்டமாக நண்பர்கள் வரும் நாள் என்றால் முந்தின நாளே இரண்டு பக்கத்து வீட்டிலும், "நாளைக்குக் கொஞ்சம் பேர் வருவாங்க அக்கா, பத்து மணிக்குள்ள அனுப்பிருவோம்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு அனுப்புங்கள். புல்லட்டில் சத்தம் போடும் சைலன்சரை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். இரவில் வந்தால் தெருமுக்கிலேயே எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதிகபட்சம் ஒரு நிமிஷ வேலை.

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது என்பது விதி, கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அதற்குள்தான் வருவார்கள். பக்கத்துக் காலிமனையில் ஒரு பாட்டில் கிடந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். பிள்ளைகள் வெறுங்காலில் ஓடும் இடத்தில் கண்ணாடி உடைந்து கிடப்பதை எந்தத் தெருவும் மன்னிக்காது.

படி 5: வாசல், மாடி, வண்டி, குப்பை

கோலம் போட்ட வாசலில் வண்டியை ஏற்றாதீர்கள். மார்கழியில் பெரிய கோலம் போடுவார்கள், தெருவில் பாதியை அடைக்கும். முந்தின இரவே வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். மொட்டைமாடியில் பெண்கள் துணி காயப்போடும் நேரம், வடகம் பிழியும் நேரம் எது என்று தெரிந்துகொண்டு அப்போது மேலே போவதைத் தவிருங்கள். போக வேண்டியிருந்தால் படியிலேயே ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். மாடியில் நின்று அடுத்த வீட்டைப் பார்க்கிறான் என்ற ஒரு பேச்சு கிளம்பினால் வீட்டையே காலி செய்ய வேண்டி வரும்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து, வண்டி வரும் நேரத்தில் கையில் கொடுங்கள். பிளாஸ்டிக் கழிவைப் பிரித்துக் கொடுப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட ஊர் இது. காலையில் வகுப்பு இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு அவர்கள் வாளியோடு உங்கள் வாளியையும் வைக்கலாம். பிரியாணிப் பொட்டலத்தைத் தெரு ஓரம் எறிந்தால் நாய்கள் இழுத்துக்கொண்டுபோய் யார் வாசலிலாவது போடும். சாப்பாடு வாங்கித் தரும் பையன்களுக்குச் சரியான இருப்பிடத்தை அனுப்பிவிடுங்கள்; இரவில் ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டி முகவரி கேட்கும்படி விடாதீர்கள்.

படி 6: நல்லது கெட்டதில் நில்லுங்கள்

உறவு உண்டாவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாள் கிண்ணத்தில் சொதியோ கூட்டாஞ்சோறோ வரும். வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். நான்கு வாழைப்பழம் போட்டுக் கொடுத்தாலும் போதும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் ஊர்ச் சாமான் கொஞ்சம் வாங்கி வாருங்கள்: கோவில்பட்டியிலிருந்து வந்தால் கடலைமிட்டாய், உடன்குடிப் பக்கம் என்றால் கருப்பட்டி, தூத்துக்குடி என்றால் மக்ரூன், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய சங்கடம் வரும். கால் கிலோ கடலைமிட்டாயில் அந்தச் சங்கடம் இல்லை.

தெருக்கோயிலில் கொடை விழா வந்தால் வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். மாணவர்களிடம் பெரிய தொகை எதிர்பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் வழக்கம் என்ன என்று கேட்டு முடிந்ததைக் கொடுங்கள். வில்லுப்பாட்டும் மேளமும் இரவு முழுக்க ஓடும். மறுநாள் தேர்வு இருந்தால் அன்று மட்டும் நண்பன் அறைக்குப் போய்ப் படியுங்கள், மைக்கை நிறுத்தச் சொல்லிப் போகாதீர்கள். தசராவில் பாளை அம்மன் சப்பரங்கள் வரும் நாள், ஆனித் தேரோட்டம், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக வரும் பாட்டுக் குழு, மேலப்பாளையத்தில் ரமலான் மாலையின் நோன்புக் கஞ்சி, எதிலும் கூச்சப்படாமல் கலந்துகொள்ளுங்கள். பந்தலில் நாற்காலி தூக்குவது, சாப்பாடு பரிமாறுவது, பிள்ளைகளைத் தேர்க் கூட்டத்தில் கைபிடித்துக் கூட்டிப்போவது, இதற்கெல்லாம் இளவட்டங்கள்தான் தேவை. பாதி வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

துஷ்டி வீடு, அதாவது சாவு நடந்த வீடு என்றால் யாரும் சொல்வதற்கு முன்பே பாட்டை நிறுத்திவிடுங்கள். அன்று வீட்டில் கூட்டம், சிரிப்பு எதுவும் வேண்டாம். ஒருவராவது போய் நின்று, "ஏதாவது வாங்கணுமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். தண்ணீர்க் கேன் வாங்குவது, வெளியூரிலிருந்து வருபவர்களை ஜங்ஷனிலிருந்து அழைத்து வருவது போன்ற வேலை நிச்சயம் இருக்கும். வேறு எதை மறந்தாலும் அந்த நாளில் கூட நின்ற பையனை அந்த வீடு மறக்காது.

உங்களுக்குத் தெரிந்ததை வைத்தும் உதவலாம். பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கணக்கு சொல்லித் தருவது, பென்ஷன்காரருக்கு உயிர்வாழ் சான்றைக் கைபேசியில் போட உதவுவது, ஆச்சிக்கு மகனோடு வீடியோவில் பேச வைப்பது எல்லாம் செய்யலாம். ஒன்றில் மட்டும் கவனம்: பெரியவர்களின் ஓடிபி, ஏடிஎம் எண் எதையும் நீங்கள் வாங்கிவைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் ஏதாவது பணம் காணாமல் போனால் பழி உங்கள் மேல் விழும்.

படி 7: பெண்கள் சேர்ந்து தங்கும் வீடு

பெண்கள் தங்கும் வீட்டைத் தெரு கூடுதலாகக் கவனிக்கும். அதில் அக்கறையும் இருக்கும், கண்காணிப்பும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். "லேட்டாயிட்டே, சாப்பிட்டியாம்மா?" என்பது அக்கறை. யார் வந்தார்கள், யாரோடு போனில் பேசினாள் என்று ஊரில் இருக்கும் அப்பாவுக்குச் செய்தி சொல்வது அத்துமீறல். நம்பிக்கையான ஓர் அக்காவையோ டீச்சரையோ முதலிலேயே பழக்கிக்கொண்டு, வகுப்பு, ஆய்வகம், டியூட்டி நேரங்களை அவரிடம் சொல்லிவைத்தால் மற்றவர்களின் பேச்சுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். வீட்டுக்காரரோ அவர் வீட்டு ஆட்களோ முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்தொடர்வது, மாடியிலிருந்து படம் எடுப்பது போன்றவற்றில் தெருவின் சமரசத்துக்குக் காத்திருக்க வேண்டாம்: 181 அல்லது 112.

வெளிமாநில நண்பர்கள் உங்களோடு தங்கினால், முதல் வாரத்தில் அவர்களையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். மருத்துவக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டில் வருபவர்கள் உண்டு. ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்து, தெருவில் யாரோடும் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். வணக்கம், சாப்பிட்டீங்களா, தண்ணி வந்துட்டா, இந்த மூன்றைச் சொல்லிக்கொடுத்தால் மீதியை ஆச்சிகள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

படி 8: புகார் வந்தால், புகார் சொல்ல வேண்டியிருந்தால்

யாராவது வந்து சத்தம் போட்டால் உள்ளேயிருந்து பதில் சொல்லாதீர்கள். எழுந்து வெளியே வாருங்கள், முழுதாகக் கேளுங்கள். "நேத்து அவங்க வீட்டுலயும்தான் பாட்டுப் போட்டாங்க" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு அதற்கு நேரமில்லை. ஒருமுறை மன்னிப்புக் கேளுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர் கண்முன்னாலேயே செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து நீங்களே போய், "இப்ப பரவாயில்லையா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பேச்சைத்தான். கோபத்தில் சொன்னவருக்கும் மனசில் ஓர் உறுத்தல் இருக்கும், அதை இறக்கிவைக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

உங்களுக்குக் குறை இருந்தால் நேரம் பார்த்துப் போங்கள். சாப்பாட்டு நேரமும் விளக்கு வைக்கும் நேரமும் வேண்டாம். ஒருவரோ இருவரோ போய், அந்த வீட்டில் பொறுமையானவர் யாரோ அவரிடம் சொல்லுங்கள். நான்கு பேர் போய் நின்றால் அது பேச்சாகவே தெரியாது. வாட்ஸப்பில் எழுதித் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்; எழுத்தில் குரல் கிடையாது, சாதாரண வரியும் கோபமாகப் படிக்கப்படும்.

பேசியும் தீரவில்லை என்றால் அடுத்து வீட்டுக்காரர். அதற்கும் மேல் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒருவர்: கடை அண்ணாச்சியோ, குடியிருப்போர் நலச்சங்கத்தில் உள்ளவரோ, தெருவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரோ. கல்லூரியில் உங்கள் துறை ஆசிரியர் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி என்று குறித்துவையுங்கள். காவல் நிலையம் கடைசியில். ஆனால் அடி, மிரட்டல், சாதி சொல்லித் திட்டுவது, பெண்களிடம் அத்துமீறல் ஆகியவற்றில் இந்த வரிசை எதுவும் வேண்டாம், நேராக 112.

படி 9: மழைக்காலத்துக்கு முன்பு

ஐப்பசி பிறந்ததும் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போனது, கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அரசு வருவதற்கு முன்னால் கைகொடுக்க முடிந்தவர்கள் மாடியில் இருப்பவர்களும் இளவட்டங்களும்தான்.

உங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் யார், நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவர்கள் பிள்ளைகளின் எண்களும் அதில் இருக்கட்டும், கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் எண்ணும் போய்விடும். நீங்கள் மாடியில் இருந்தால் கீழ்வீட்டாரிடம், "தண்ணி ஏறுனா யோசிக்காம மேல வந்துருங்க" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பவர் பேங்க், டார்ச், ஒரு கேன் குடிநீர், கொஞ்சம் அரிசி வீட்டில் இருக்கட்டும். நீச்சல் தெரியும் என்று ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரிலும் சாக்கடை மூடி திறந்திருப்பது தெரியாது.

படி 10: காலி செய்யும்போது

வீட்டுக்காரரிடம் ஒப்பந்தப்படி முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிய பிறகு அவர்களுக்குத் தெரியவருவது நன்றாக இருக்காது. கடைப் பற்று, பால் கணக்கு, துணி தேய்த்த பாக்கி, பொது மோட்டார் பங்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத பாய், வாளி, ஸ்டூலைத் தெருவில் போடாமல் வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளை அடைத்து, வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

நம் ஊரில் ஒரே வீடு சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு மாறுவது வழக்கம். அடுத்து வரும் பிள்ளைகளைக் கடைசி வாரத்தில் ஒரு மாலை வரச்சொல்லி, ஆச்சி வீடு, எதிர் வீடு, கடை என்று கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். தண்ணீர் நேரம், மோட்டார் முறை, மாடிக்குப் போகக் கூடாத நேரம், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, மழைக்காலத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களின் கைபேசி எண்ணை எழுதிய காகிதத்தை அந்த வீடுகளில் அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.